வாரண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் சூடாகி அணைந்தால் – உங்கள் அனுபவம்

பாளைக்காரன்:
கத்திரி வெயில் நேரம். வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. மக காலேஜ் புராஜெக்ட் அடிச்சிட்டு இருப்பா, அரை மணிக்கு ஒருக்க தானா அணைஞ்சிரும். ஆன் பண்ணுகையில வர்ற செட்டிங்ஸ் திரை, அதான் பயாஸ், அதுல போய்ப் பாத்தேன், சும்மா இருக்கையிலேயே பிராசசர் (கம்ப்யூட்டரோட மூளைச் சிப்பு) 88 டிகிரி. ஆட்டோல மடியில வச்சு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். அங்க இருந்த தம்பி மூடியக் கழட்டினாரு. ஃபேன் இறக்கையில சுண்டுவிரல வச்சு ஒரு இழுப்பு. அப்படியே என் கண்ணுக்கு நேரா நீட்டினாரு. நகக்கண் வரைக்கும் கறுப்பு. "பாத்தியளா அண்ணாச்சி, தூசி. இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது." பின்னால ரெண்டு பேர் நின்னாவ. வீட்டச் சுத்தமா வச்சுக்கத் தெரியாதவன்னு சொன்ன மாதிரி கூனிப் போயிட்டேன். மேலாப்புல துடைச்சுட்டு 600 ரூபா வாங்கினாவ. மறுநாள் காலையிலேயே திரும்ப அணைஞ்சிருச்சு. அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

வள்ளியூர்க் காத்து:
தூசியா இருக்காது அண்ணாச்சி. எங்க பக்கம் ஆனி ஆடிக் காத்துல ஜன்னலச் சாத்தினாலும் மண்ணு சோத்துல விழும். நானும் அதுதான் காரணம்னு வாரத்துக்கு ஒருக்க ஊதிக்கிட்டே இருந்தேன். எனக்கு வீட்டுக்கே வந்து பாத்தாவ. வந்தவர் சிபியூவப் படுக்கப் போட்டு, பிராசசர் மேல உள்ள ஃபேனோட நாலு மூலை பின்னையும் கட்டைவிரலால ஒவ்வொண்ணா அமுக்கினாரு. மூணாவதுல "டக்"னு ஒரு சத்தம். "இது ஏறவே இல்ல சார்" அப்படின்னாரு. ஃபேனுக்குக் கீழ சூட்ட இழுக்குற உலோகத் தகடுக் கட்டி, அதான் ஹீட்சிங்க், ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு, பிராசசர்ல ஒட்டாமயே இருந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல சூடு கடத்தத் தடவியிருந்த பழைய பேஸ்ட்ட வழிச்சுட்டு புதுசா ஒரு பட்டாணி அளவு வச்சாரு. 90ல இருந்து 45க்கு இறங்கிருச்சு. கடையில இருந்து பஸ்ல குலுங்கி வந்ததுல கழண்டிருக்கும்னு நினைக்கேன். ஒரு பைசா வாங்கல.

தென்காசிச் சாரல்:
வள்ளியூர் அண்ணன் தூசிய ஒரேயடியா ஒதுக்காதீங்க. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல பஞ்சு மாதிரி அடைச்சா காத்து போகாது, சூடு ஏறத்தான் செய்யும். ஆனா துடைச்ச மறுநாளே அணையுதுன்னா பின் அல்லது பேஸ்ட்தான். இதுல ஒத்துக்கிடுதேன்.

எனக்கு வேற மாதிரி சொன்னாவ. கையேட்டப் பிரிச்சு, "35 டிகிரிக்கு மேல உள்ள அறையில ஓட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு பாருங்க" அப்படின்னாவ. மே மாசம் நம்ம ஊருல 38, 40னு அடிக்கும். அத விக்கும்போது சொல்லணுமா, கெட்டுப் போனப்புறம் சொல்லணுமா? எனக்கு இன்னைக்கும் ஆறல.

பாளை அண்ணாச்சி, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். நீங்களா ஸ்க்ரூவக் கழட்டாதீங்க, சீல் பிஞ்சிருந்தா அதையே சாக்காச் சொல்லுவாவ. பயாஸ்ல டிகிரி தெரியுதத போன்ல வீடியோ எடுங்க. திரும்பக் கொண்டு போகையில ஜாப் ஷீட்டுல "சூடாகி அணைகிறது"ன்னு உங்க வார்த்தையில எழுத வைங்க. அவங்க எழுதுற "கிளீனிங்"க்கு மட்டும் கையெழுத்துப் போட்டா, நீங்க கிளீனிங்குக்குத்தான் வந்தியன்னு ஆயிரும். வாரண்டி இல்லன்னா அதையும் எழுத்துல கேளுங்க. அப்புறம் கம்பெனிக்கு ஒரு மெயில். அசையலன்னா 1915, நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே மனு போடலாம், கம்பெனி எந்த ஊருல இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்ல. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், அதனால பில்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைங்க. வெப்பத்துல அந்த எழுத்து மங்கிப் போயிரும்.

பாளைக்காரன்:
மூடியக் கழட்டல. பக்கவாட்டுல உள்ள சல்லடை ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன். மூணு பின் ஒரே மட்டத்துல இருக்கு. கீழ் மூலையில ஒண்ணு மட்டும் அரை விரக்கடை தூக்கிக்கிட்டு நிக்குது. மகளக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளே போட்டோ எடுத்துட்டா. 600 ரூபா பில்லும் கிடைச்சிருச்சு, "தூசி சுத்தம்"னுதான் எழுதியிருக்கு. திங்கக்கிழமை கொண்டு போறேன். அந்தத் தம்பி இருக்குற நேரமாப் பாத்துதான் போகணும்.