எக்செல் உதவி: புதிதாகச் சேர்த்த வரிகள் கூட்டுத்தொகையில் வரவில்லை

குழுக் கணக்கு: வணக்கம். மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கை எக்செல்லில் போடுகிறேன். தொகை எல்லாம் இ காலத்தில் (நெடுவரிசையில்). எச்1-ல் மொத்தம் கூட்ட =சம்(இ2:இ31) இருக்கிறது. (ஷீட்டில் ஆங்கில எழுத்துதான், இங்கே தமிழில் தட்டுகிறேன்.) 32-வது வரியிலிருந்து போட்டது எதுவும் மொத்தத்தில் சேரவில்லை. கூகுள் ஷீட்ஸ் பழகிய தங்கை, இ2:இ போட்டால் போதும் என்றாள். எக்செல்லில் எரர் வருகிறது.

வரவு_செலவு: அந்த இ2:இ கூகுளில் மட்டும்தான் ஓடும் அக்கா. எக்செல்லில் இ:இ போடுங்க, முழுக் காலமும் வந்துடும். தலைப்பு எழுத்தா இருக்கறதால சம் அதைக் கண்டுக்காது.

குழுக் கணக்கு: வந்துவிட்டது தம்பி! ஆனால் மொத்தம் தொகைக்கு நேர் மேலேயே இருக்கட்டும் என்று மேலே ஒரு வரி சேர்த்து, இ1-ல் அதையே போட்டேன். 'சர்க்குலர் ரெஃபரன்ஸ்' என்று எச்சரிக்கை, விடை 0. அபராதத் தொகை ஜி காலத்தில். இரண்டையும் சேர்க்க =சம்(இ3:இ32 ஜி3:ஜி32) போட்டால் #நல்! என்கிறது.

பழைய கணக்கர்: இ:இ என்றால் அதற்குள் இ1-ம் அடக்கம். தன்னையே கூட்டச் சொன்னால் அது எப்படிக் கூட்டும்? இ3:இ1048576 என்று கொடுங்கள், எக்செல்லின் கடைசி வரி அதுதான். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை நடக்கும்.

#நல்! வருவதற்கு நடுவில் விட்ட இடைவெளிதான் காரணம். எக்செல்லுக்கு இடைவெளி என்றால் 'இரண்டுக்கும் பொதுவான செல்கள்' என்று பொருள். இ-க்கும் ஜி-க்கும் பொதுவாக ஒன்றும் இல்லையே. காற்புள்ளி வையுங்கள்: =சம்(இ3:இ32,ஜி3:ஜி32).

என்னைக் கேட்டால் இந்த எண்களையே விட்டுவிடலாம். பட்டியலுக்குள் ஒரு செல்லில் நின்று கண்ட்ரோல்+டி (டேபிளின் முதலெழுத்து T) அழுத்தினால் அது டேபிள் ஆகிவிடும். டேபிளுக்கு 'சேவிங்ஸ்' என்று பெயர் வைத்து, =சம்(சேவிங்ஸ்[அமவுண்ட்],சேவிங்ஸ்[ஃபைன்]) என எழுதுங்கள். சதுர அடைப்புக்குள் உங்கள் தலைப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும். கடைசி வரிக்கு அடுத்து தட்டினால் டேபிள் தானாக நீளும். நடுவே காலி வரி விட்டுத் தட்டினால் நீளாது.

வரவு_செலவு: டேபிளை நான் சொல்லியிருக்கணும் சார். 1048576-ஐ யாரு ஞாபகம் வெச்சுக்கறது!

குழுக் கணக்கு: டேபிள் ஆக்கிவிட்டேன் ஐயா, அபராதமும் சேர்ந்து வருகிறது. வரிக்கு வரி நீலப்பட்டை அடிக்கிறதே, அதை எடுக்க முடியுமா?

பழைய கணக்கர்: டேபிள் டிசைனில் 'பேண்டட் ரோஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.