மறு: ‘எக்ஸ்டர்னல் மிக்ஸர்’ தமிழில்: வெளிக்கலவை?

எல்லோருக்கும் வணக்கம்,

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டி.ஜே மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) வருகிற ‘எக்ஸ்டர்னல் மிக்ஸர்’ என்ற தெரிவுக்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கியது இது. மிக்ஸர் என்பது பல ஒலிகளைச் சேர்த்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற பெட்டி. வெளிக்கலப்பான், புறக்கலக்கி, ஒலிக்கலவி என்று பல சொற்கள் வந்துவிட்டன. எனக்குப் படுவது என்னவென்றால், நாம் எல்லோரும் ஒரு பெட்டிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். பெயர் வேண்டியது பெட்டிக்கு அல்ல, பாட்டுகளைக் கலக்கிற வேலை எங்கே நடக்கிறது என்பதற்கு.

இதை நான் கற்றுக்கொண்டது கல்லடியில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியச் சடங்கில். பாட்டுப் போடுகிற பொறுப்பு தங்கச்சியின் மகனுக்கு. லப்டொப்பில் மிக்ஸ் என்கிற கட்டற்ற டி.ஜே மென்பொருள், மேசையில் வாடகைக்கு எடுத்த மிக்ஸர். லப்டொப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பிளக், அது மிக்ஸரின் முதலாம் சனலுக்குள் போகிறது. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதை எடுத்ததும் சத்தமே இல்லை. “மாமா, பாட்டு ஓடுது, ஆனா கேக்குதில்ல” என்று என்னைக் கூப்பிட்டான். திரையில் இரண்டாம் தட்டின் (தட்டு என்பது ஒரு பாட்டு ஓடுகிற ‘டெக்’) அலை நகர்கிறது, பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது, மிக்ஸரின் இரண்டாம் சனலில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை.

அவன் செய்த பிழை ஒன்றுமில்லை. நாம் மொழிபெயர்த்துக் கொடுத்த கைந்நூலில் ‘வெளி மிக்ஸர் இணைத்திருந்தால் இதைத் தெரிவு செய்க’ என்று இருக்கிறது. வெளியே மிக்ஸர் இருந்தது, இணைத்தும் இருந்தான், தெரிவு செய்தான். அந்த வரியை எழுதியவன் நான். அதனால்தான் இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்று இவ்வளவு தூரம் நிற்கிறேன்.

விஷயம் இதுதான். வெளியே மிக்ஸர் இருந்தாலும் கலவை லப்டொப்புக்குள்ளேயே நடக்கலாம். இரண்டு தட்டும் மென்பொருளுக்குள் கலந்து, ஒரே சோடி வெளியீட்டில் வந்து மிக்ஸரில் ஒரு சனலில் இறங்கினால், மிக்ஸர் அங்கே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலையை மட்டுமே செய்கிறது. மற்ற முறையில் முதலாம் தட்டு 1, 2 ஆம் வெளியீடுகளில் தனியாக வரும், இரண்டாம் தட்டு 3, 4 இல் தனியாக வரும், இரண்டும் மிக்ஸரின் இரண்டு சனல்களில் போய் அங்கேதான் சேரும். ஒரு தட்டுக்கு இடம் வலம் என்று இரண்டு, ஆகவே குறைந்தது நான்கு வெளியீடு உள்ள சவுண்ட் கார்ட், அதாவது கணினியின் ஒலியை வெளியே தருகிற கருவி, வேண்டும். சாதாரண லப்டொப்பின் ஹெட்போன் துளையில் இருப்பது ஒரே சோடி. அவனுடைய இரண்டாம் தட்டுக்கு வெளியே வர வழியே இல்லை.

அம்பாறைப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு இதை வாய்க்காலை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். இரண்டு வாய்க்காலும் மேலேயே ஒன்றாகிவிட்டால் கீழே வரம்பில் நின்றுகொண்டு இது அந்த வாய்க்கால் தண்ணீர், இது இந்த வாய்க்கால் தண்ணீர் என்று பிரிக்க ஏலாது. தனித்தனியாக வந்தால்தான் எதைத் திறப்பது, எதைக் கட்டுவது என்பது உங்கள் கையில்.

டிராக்டர் என்ற டி.ஜே மென்பொருளில் இந்த அமைப்புக்கு ‘மிக்ஸிங் மோட்’ என்றுதான் பெயர், அதற்குள் இன்டர்னல், எக்ஸ்டர்னல் என்று இரண்டு தெரிவு. மிக்ஸர் என்ற சொல்லையே அவர்கள் அங்கே வைக்கவில்லை, வேலையைத்தான் சொல்கிறார்கள். ஆகவே என் முன்மொழிவு: அமைப்புக்குக் கலவை முறை, அதில் உட்கலவை, வெளிக்கலவை. மேசையில் இருக்கிற பெட்டி மிக்ஸராகவே இருக்கட்டும். சவுண்ட்ஸ்காரர் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதை மாற்ற எனக்கு விருப்பமும் இல்லை.

இனி வந்த மறுப்புகள்.

> கலவை என்றால் கலந்து முடிந்த பொருள். செயலைச் சொல்ல ‘கலப்பு’தானே சரி? வெளிக்கலப்பு என்று வைப்போம்.

இலக்கணமாகப் பார்த்தால் நியாயம். ஆனால் இதை மட்டக்களப்பில் இருந்துகொண்டு சொல்லிப் பாருங்கள். ஃபோனில் ஒருவருக்கு “வெளிக்கலப்பில போடு” என்றால் அவர் காதில் விழுவது களப்பு. லகரமும் ளகரமும் பேச்சில் எவ்வளவு நெருக்கம் என்று எல்லோருக்கும் தெரியும், நமக்குக் களப்பு என்றால் தண்ணீர்தான், ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. அதோடு கலப்பு என்றதும் கலப்படமும் நினைவுக்கு வரும். கலவை என்ற சொல்லில் இந்தத் தொல்லை இல்லை. மேசன்மார் சீமெந்துக் கலவை என்பார்கள், வெளிப்பூச்சுக் கலவை என்றும் சொல்வார்கள்தான், டி.ஜே மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அதை யாரும் அப்படி எடுக்கமாட்டார்கள். செயலைச் சொல்லும் இடத்தில் ‘கலத்தல்’ என்று எழுதிக்கொள்ளலாம்.

ஒலிக்கலவியை விட்டுவிடுவோம். கலவி என்றால் வழக்கில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும், பள்ளிப் பிள்ளைகளும் திறக்கிற மென்பொருள் இது.

அகக்கலவை, புறக்கலவை என்று காரைதீவு ஆசிரியர் எழுதியிருந்தார். அழகான சோடி, எனக்கும் ஆசைதான். ஆனால் சடங்கு வீட்டில், இருட்டில், ஆட்கள் பாட்டுக் கேட்டு நெருக்கும்போது பார்க்கிற சொல்லாக நினைத்தால் உள், வெளி என்பதே சட்டென்று பிடிபடும். உட்கலவை கடினம் என்று ஒருவர் சொன்னார். உட்கட்சிப் பூசல் என்று பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்கு அது கடினமாக இருக்காது.

காரைதீவு ஐயா அந்த மடலில் விபுலானந்த அடிகளை நினைவுபடுத்தியது மனதுக்கு நிறைவாக இருந்தது. காரைதீவில் பிறந்த மனிதர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கி நின்றார், பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. இசையும் அறிவியலும் கலைச்சொல்லும் ஒரே ஆளிடம் இருந்த மண் இது. இசைக்கருவி லப்டொப்பாக மாறிவிட்டது என்பதற்காக நாம் பின்வாங்க வேண்டியதில்லை.

ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்பதற்கு, அதாவது ‘கியூ’வுக்கு, ஒரு தம்பி ‘அடுக்குப் பார்த்தல்’ என்று கேட்டிருந்தார். கூத்தில் அரங்கேற்றத்துக்கு முன்னால் முழுவதையும் ஒருமுறை ஆடிப் பார்ப்பார்களே, அது. இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலையே ஓடவில்லை. சனத்துக்குப் போகுமுன் நமக்குள் சரிபார்க்கிறோம், பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் பொத்தானில் எழுத நீளம், கூத்துத் தெரியாத இடத்தில் விளங்காது, கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் இன்னும் அதே பொருளில் புழங்குகிற சொல்லை எடுத்து வேறொன்றுக்கு வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. முன்கேட்பு போதும். வெளிக்கலவையில் முன்கேட்பு மிக்ஸரின் பொத்தானில் நடக்கும், ஹெட்போனை மிக்ஸரில்தான் செருக வேண்டும், கைந்நூலில் இதையும் சேர்க்க வேண்டும்.

லைன், ஃபோனோ இரண்டையும் தமிழாக்க வேண்டாம். அவை மிக்ஸரின் முதுகில் வயர் செருகுகிற துளைகளுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கிற சொற்கள், ஆள் டோர்ச் அடித்து அந்த எழுத்தைத்தான் தேடுவான். தவறினால் விளைவும் மோசம். ஃபோனோத் துளை இசைத்தட்டு ஊசியிலிருந்து வருகிற சில மில்லிவோல்ட்டை எதிர்பார்த்துச் செய்தது, பாஸ் என்கிற தாழ்ந்த ஒலியையும் ஏற்றிவிடும், அதில் சவுண்ட் கார்ட்டின் வயரைச் செருகினால் பாட்டு அதிர்ந்து உடைந்துதான் வரும்.

‘லேட்டன்சி’க்கு, அதாவது கணினி ஒலியை வெளியே தருவதில் ஆகிற தாமதத்துக்கு, சுணக்கம் என்று வைத்தது எனக்கு முழுச் சம்மதம், நம் பேச்சில் இருக்கிற சொல். 44,100 ஹேர்ட்ஸில் 512 மாதிரிகள் (சாம்பிள்) என்றால் சுணக்கம் ஏறக்குறைய 11.6 மில்லிசெக்கன் என்று ஒரு எடுத்துக்காட்டும் போட்டுவிடலாம்.

அமைப்புப் பக்கத்துக்கு நான் எழுதியிருக்கிற வரிகள்:

‘உட்கலவை: தட்டுகள் மென்பொருளுக்குள்ளேயே கலந்து ஒரே சோடி வெளியீட்டில் வரும். மிக்ஸர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைப் பயன்படுத்தலாம்.

வெளிக்கலவை: ஒவ்வொரு தட்டும் தனிச் சோடி வெளியீட்டில் மிக்ஸருக்குப் போகும். இரண்டு தட்டுக்கு நான்கு வெளியீடு வேண்டும். திரையில் உள்ள, ஒரு தட்டைத் தணித்து மற்றதை எழுப்புகிற கிராஸ்ஃபேடர் வேலை செய்யாது, மிக்ஸரில் உள்ளதைப் பயன்படுத்துக.’

நேற்று இதை மருமகனிடம் வாசிக்கக் கொடுத்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டு தரம் வாசித்தான். “அப்ப அண்டைக்கு நான் உட்கலவையில வச்சிருக்க வேணும். மற்றது வேணுமெண்டா வேற சவுண்ட் கார்ட் வாங்கணும்” என்றான்.

ஞாயிறு வரை வேறு மறுப்பு வராவிட்டால் கோப்பில் மாற்றிவிடுகிறேன். கிராஸ்ஃபேடருக்கு வந்த ‘குறுக்குமங்கி’ எனக்கு ஒட்டவே இல்லை, ஒன்று தணிய மற்றது எழும்புகிற அந்த அசைவு அதில் இல்லை. அதற்குத் தனி இழை ஒன்றைத் தொடங்கினால் நல்லது.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து