ட்ரூசனுக்குத் தமிழ்ல ஒரு சொல்லா, ரெண்டு சொல்லா?

> ட்ரூசன் = விழித்திரைக் கொழுப்புப் படிவு. மறுப்பு இல்லேன்னா கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடறேன்.

ஐயா, ஏத்திடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. மேக்குலாவுல (விழித்திரையோட நடுப்பகுதி) வர்றதுக்கு இது சரிதான், விழித்திரையோட அடிப்பக்கம் இருக்குற நிறமிப் படலத்துக்கும் அதுக்குக் கீழ இருக்குற புரூக் சவ்வுக்கும் நடுவுல கொழுப்பும் புரதமுமா படியுது, ஓசிடி (விழித்திரையை அடுக்கடுக்கா காட்டுற ஒளி ஸ்கேன்) எடுத்தா அந்த நிறமிப் படலம் பளிச்சுன்னு கோடா தெரியும் பாருங்க, அந்தக் கோடு கீழேர்ந்து முட்டுக்குடுத்த மாதிரி அங்கங்க மேடுதட்டி நிக்கும். ஆனா பார்வை நரம்பு வட்டுல (நரம்பு கண்ணை விட்டுக் கிளம்புற இடம்) வர்ற ட்ரூசன் வேற ரகம், அதுல கால்சியம். சிடி ஸ்கேன்ல குட்டி வெள்ளைப் புள்ளியா தெரியும், பி-ஸ்கேன்ல, அதாவது கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்ல, கெயினை (எதிரொலியைப் பெருக்கிக் காட்டுற அளவை) குறைச்சுக்கிட்டே வந்தா மத்ததெல்லாம் மங்கிப் போனப்புறமும் அது மட்டும் மின்னும். வட்டு புடைச்சிருக்கறதப் பாத்துட்டு மண்டைக்குள்ள அழுத்தம் ஏறிடுச்சோன்னு பதறவைக்கிற ஆசாமி இவருதான், அதனால பேரு குழம்பவே கூடாது. என் ஓட்டு ரெண்டு சொல்லுக்கு: நிறமியடிப் படிவு, நரம்புவட்டுச் சுண்ணமணி.

> எளிமையா மஞ்சள் புள்ளின்னு வெச்சா என்ன?

வேணாங்க. சர்க்கரை நோய்ல வர்ற கசிவுப் படிவும் ஃபண்டஸ் போட்டோவுல (விழித்திரையை நேரா எடுக்குற படம்) மஞ்சள் புள்ளிதான். ஓசிடில பாத்தா அது விழித்திரைக்கு உள்ளயே வெள்ளையா கிடக்கும், பின்னாடி நிழல் விழும், ரெண்டும் ஒண்ணில்ல. போதாததுக்கு மேக்குலா லூட்டியாவுக்கே லத்தீன்ல மஞ்சள் பொட்டுன்னுதான் அர்த்தம்!

---

நிறமியடிப் படிவு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. போலி ட்ரூசன்னு ஒண்ணு இருக்கே, போட்டோவுல வலைப்பின்னலா தெரியும், அது அந்த நிறமிப் படலத்துக்கு மேல உக்காந்திருக்கும். அதை நிறமிமேல் படிவுன்னுடலாம், போலியாவது அசலாவது, எங்க இருக்குன்னு பேருலயே வந்துடும். ஆனா சுண்ணமணி இடிக்குதே. சின்னப் பசங்களுக்கு வட்டு ட்ரூசன் உள்ள புதைஞ்சு கிடக்கும், கால்சியம் ஏறியிருக்காது, சிடில தெரியாமலே போயிடலாம். அந்தப் புள்ள ரிப்போர்ட்ல சுண்ணமணின்னு எப்படி எழுதுவீங்க?

---

நியாயம். சுண்ணத்தை எடுத்துட்டு நரம்புவட்டு மணின்னு நிறுத்திக்கலாம், கால்சியம் ஏறுனது தெரிஞ்சா "சுண்ணமேறிய"ன்னு முன்னாடி சேத்துக்கிட்டா போச்சு. ஐயா, மூணையும் தனித்தனி வரியா ஏத்துங்க, ட்ரூசன்னு தேடுனா மூணும் வர்ற மாதிரி.