ஒரே ஒரு போன், நாற்பது பிள்ளைகள்: ஒலிப் பாடத்துக்கு என்ன செய்யலாம்?

அரூர் டீச்சர்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர். என்னிடம் இருப்பது ஒரு ஸ்மார்ட்போன். வீட்டில் திரை விரிசல் விட்ட பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறது. புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, எங்கள் பக்கம் சிக்னல் அப்படி. வந்தாலும் முதல் இரண்டு பெஞ்சைத் தாண்டித் தெரியாது. அடுத்த வாரம் ஒலிப் பாடம். உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

ஆசிரியர் பயிற்றுநர்:
டீச்சர், அரசின் கல்விச் செயலியான திக்ஷாவில் பாடத்தை வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிட்டால் வகுப்பில் நெட் வேண்டியதில்லை. குழுக் குழுவாகக் கூப்பிட்டுக் காட்டலாம்.

இயற்பியல் வாத்தியார்:
வீடியோவை விடுங்கள் டீச்சர். போனுக்குள் மைக், முடுக்கமானி, காந்தமானி எல்லாம் இருக்கின்றன. நம் ஆய்வக அலமாரியில் இவ்வளவு கிடையாது. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இரண்டு போனிலும் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு நெட் தேவையில்லை. விரிசல் விட்ட போனே போதும், மைக் வேலை செய்தால் சரி.

அதில் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரம் ஒன்று உண்டு. ஒரு சத்தத்தில் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். மைதானத்தில் டேப் வைத்து 5 மீட்டர் அளந்து, இரு முனையிலும் ஒரு போன், ஒரு பிள்ளை. முதல் முனையில் இருப்பவர் தன் போன் பக்கத்தில் கை தட்டட்டும். இரண்டு கடிகாரமும் ஓடும். ஓரிரு விநாடி விட்டு மறுமுனைப் பிள்ளை தட்டினால் இரண்டும் நிற்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரம் காட்டாது. முதல் போன் முந்தித் தொடங்கிப் பிந்தி நிற்கிறது. அந்த வித்தியாசம்தான் ஒலி 5 மீட்டர் போய், 5 மீட்டர் வர எடுத்த நேரம். 0.029 விநாடியை ஒட்டி வரும். பத்தை அதால் வகுக்கச் சொல்லுங்கள்: விநாடிக்கு சுமார் 345 மீட்டர். தாங்களே தட்டி, தாங்களே வகுத்து வந்த எண் என்றால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அங்கேயே நிறுத்தாதீர்கள். காற்றின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ் என்றால் ஒலியின் வேகம் விநாடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். காலையில் ஒரு தடவை, மத்தியான வெயிலில் ஒரு தடவை அளந்தால் கேள்வியை அவர்களே கேட்பார்கள். ஒரே அளவில் அந்த வித்தியாசம் பிடிபடாது. பல தடவை தட்டிச் சராசரி எடுக்க வேண்டும். சராசரி எதற்கு என்பதும் அப்போதுதான் புரியும்.

அரூர் டீச்சர்:
ரொம்ப நன்றி சார். இன்று வீட்டு மாடியில் மகளோடு செய்து பார்த்தேன். காற்றடித்தாலே கடிகாரம் ஓடிவிடுகிறதே?

இயற்பியல் வாத்தியார்:
அதே திரையில் ஒலி வரம்பு என்று ஓர் எண் இருக்கும். அதைக் கொஞ்சம் கூட்டுங்கள், காற்றுக்கு அசையாது. கைத்தட்டல் போதவில்லை என்றால் இரண்டு மரக்கட்டையைத் தட்டலாம். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வராது.

ஒரு தாய்:
நான் ஆசிரியை இல்லை, எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா. ஒரு வேண்டுகோள் டீச்சர், இதை வீட்டுப்பாடமாக மட்டும் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரே போன், அதுவும் அவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார்.

அரூர் டீச்சர்:
கொடுக்க மாட்டேன் அம்மா. எல்லாம் பள்ளி நேரத்தில், என் போனில்தான். நாற்பது பேரும் ஒரு தடவையாவது தட்டும்படி ஐந்தைந்து பேராகப் பிரித்திருக்கிறேன். வியாழக்கிழமை இரண்டு பாடவேளை சேர்த்து வாங்கியிருக்கிறேன். வந்த எண்களை இங்கே போடுகிறேன்.