வளர்ப்பு, சமூகப் பின்னணி, பண்பாட்டு அடையாளம்: நேர்காணலில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

வினாநிரல் எழுதியது:

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக 20 பேரை நேர்காணல் செய்யவேண்டும். ஒருவருடைய பண்பாட்டு அடையாளத்தை அவர் வளர்ந்த விதமும் சமூகப் பின்னணியும் எப்படி உருவாக்குகின்றன என்பது தலைப்பு. "வளர்ப்பின் பங்கு எது, பின்னணியின் பங்கு எது என்று எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்?" என்பது நெறியாளரின் கேள்வி.

முதல் வரைவில் உள்ள வினாக்கள் இவை: "உங்கள் பண்பாட்டை எப்படி விவரிப்பீர்கள்?", "உங்களை உருவாக்கியது குடும்பமா, சமூகமா?", "உங்கள் அடையாளத்தை நினைத்துப் பெருமைப்படுகிறீர்களா?" மூன்று பேரிடம் சோதித்ததில் மேடைப் பேச்சு போன்ற பதில்களே வந்தன. எதை மாற்றுவது? நேர்காணலோடு ஓர் அளவுகோலையும் சேர்க்கலாமா?

---

கிளைநூலகம் எழுதியது:

அந்த மூன்று வினாக்களையும் எடுத்துவிடுங்கள். தமிழில் 'பண்பாடு' என்ற சொல்லுக்கு நல்ல நடத்தை என்ற பொருளும் உண்டு. "உங்கள் பண்பாடு என்ன" என்று கேட்டால் "பெரியவர்களை மதிப்போம்" என்றுதான் வரும். 'அடையாளம்' என்றதும் பலருக்கு அடையாள அட்டை நினைவுக்கு வரும். இரண்டு சொற்களும் ஆய்வேட்டில் இருக்கட்டும், வினா நிரலில் வேண்டாம்.

நெறியாளர் கேட்டதற்கு வருகிறேன். அந்த இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஏன் முடியாது என்று எழுதிக் காட்டுவதே உங்கள் ஆய்வின் முதல் இயல். பெற்றோரின் தொழில், வருமானம், படிப்பு, மொழி, மதம், சாதி, குடியிருந்த இடம் ஆகியவை பின்னணி. அது குழந்தைக்குள் இறங்கும் வாய்க்கால்தான் வளர்ப்பு. எவ்வளவு சத்தமாகப் பேசுவது, யார் முன்னால் உட்காருவது, எது "நமக்கானது இல்லை" என்பதெல்லாம் யோசிக்காமலே உடம்பில் படிந்துவிடுகிறதே, அதைத்தான் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ ஹாபிட்டஸ் என்றார்.

வாய்க்கால் எப்படி ஓடுகிறது என்பதற்கு அமெரிக்க சமூகவியலாளர் ஆனெட் லாரோ 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 88 குழந்தைகளின் குடும்பங்கள், அவற்றில் 12 குடும்பங்களை மிக அருகிலிருந்து கவனித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறத்தாழ 20 முறை போனார்கள். நடுத்தர வர்க்க வீடுகளில் குழந்தையோடு வாதம் செய்தார்கள், காரணம் கேட்டார்கள், மருத்துவரிடம் போகும் வழியிலேயே "என்ன கேட்கப் போகிறாய், யோசித்து வை" என்றார்கள். உழைக்கும் வர்க்க வீடுகளில் சொல்வது சுருக்கமாக, கட்டளையாக இருந்தது. ஆனால் குழந்தைக்குத் தன் விருப்பப்படி விளையாடவும் உறவினரோடு இருக்கவும் நேரம் கூடுதலாகக் கிடைத்தது. இரு தரப்பிலும் பாசம் குறையவில்லை. முன்னவர்கள் நிறுவனங்களிடம் உரிமையோடு பேசப் பழகினார்கள், பின்னவர்கள் அங்கே ஒடுங்கிப் பழகினார்கள். இதில் எது வளர்ப்பு, எது பின்னணி என்று எங்கே கோடு போடுவீர்கள்?

ஆகவே வீட்டில் நடந்ததை மூன்று அடுக்காகக் கேளுங்கள்: வாயால் சொல்லிக்கொடுத்தது, சொல்லாமல் செய்துகாட்டியது, அதட்டித் திருத்தியது. முதல் அடுக்கில் உபதேசம்தான் கிடைக்கும். மூன்றாவதுதான் சுரங்கம். ஒரு வீடு எந்த எல்லையைக் காக்க நினைத்தது என்பது அது எதைத் திருத்தியது என்பதில் தெரியும். மாதிரிக்குச் சில:

"பேசும்போது எந்தச் சொல்லுக்கு, எந்த உச்சரிப்புக்குத் திருத்துவார்கள்? யார் திருத்துவார்?"

"வீட்டுக்கு யார் வந்தால் பெரியவர்களின் குரல் மாறும்?"

"எந்தப் பிள்ளைகளோடு விளையாட விடமாட்டார்கள்? காரணம் சொன்னார்களா, நீங்களே புரிந்துகொண்டீர்களா?"

"நம் வீட்டில் செய்வதை எல்லா வீட்டிலும் செய்வதில்லை என்று முதன்முதலில் எப்போது, எங்கே தெரிந்தது?"

கடைசி வினாவுக்கு நேரம் கொடுங்கள். வீட்டுக்குள் இருக்கும்வரை எதுவும் பண்பாடாகத் தெரியாது, "இப்படித்தான்" என்றே தெரியும். பள்ளி, விடுதி, முதல் வேலை, திருமணம் போன்ற இடங்களில் வேறொரு "இப்படித்தான்" குறுக்கே வரும்போதுதான் அது கண்ணில் படுகிறது. இந்த வினாவுக்குச் சிலர் ஒரு நிமிடம்கூட மௌனமாக இருப்பார்கள். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள்.

நினைவு எட்டாத அடுக்கும் ஒன்று உண்டு. 1984இல் உளவியலாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் காட்டியது இது: ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் பிரித்தறிகின்றன, 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலும் அதை இழந்துவிடுகின்றன. ஒரு வயதுக்குள் படிந்துவிட்டதை எந்த நேர்காணலாலும் கேட்டுப் பெற முடியாது. வரம்புகள் பகுதியில் இதை எழுதிவிடுங்கள்.

---

எதிர்க்கரை எழுதியது:

கிளைநூலகம் சொன்னதில் பெரும்பகுதிக்கு உடன்பாடு. ஆனால் வீட்டை மட்டுமே வாய்க்காலாகப் பார்ப்பது குறை. தோழமை வட்டம் இன்னொரு வாய்க்கால். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பெற்றோரின் உச்சரிப்பை விட்டு உடன் விளையாடும் பிள்ளைகளின் உச்சரிப்பை எடுத்துக்கொள்வதை அமெரிக்க உளவியலாளர் ஜூடித் ஹாரிஸ் 1995இல், பிள்ளைகளை உருவாக்குவதில் தோழர்களின் பங்கே பெரிது என்ற தன் வாதத்துக்கு முக்கியச் சான்றாக வைத்தார்.

அதற்காக வீடு தோற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. பிலடெல்பியாவுக்கு அருகே ஒரு புறநகரில் குடியேறிய குடும்பங்களின் பேச்சை மொழியியலாளர் ஆர்வில்லா பெயின் ஆராய்ந்து 1980இல் எழுதினார். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் அந்த வட்டாரத்தின் எளிய உயிரொலி மாற்றங்களைத் தோழர்களிடமிருந்து நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் 'short a' எனப்படும் உயிரொலி எந்தெந்தச் சொல்லில் எப்படி மாறும் என்ற சிக்கலான ஒழுங்கு, பெற்றோரும் அதே வட்டாரத்தில் பிறந்திருந்தால்தான் முழுமையாக வந்தது. மேலே தெரிவது தெருவிலிருந்து வருகிறது, அடியில் கிடப்பது வீட்டிலிருந்து வருகிறது. பேச்சுக்குச் சொன்ன இதை உடை, ரசனை, நகைச்சுவை என்று நேராகப் பொருத்திவிட முடியாது. ஆனால் உங்கள் வினாக்களை இரண்டு கட்டாகப் பிரிக்க இது நல்ல வழிகாட்டி.

பங்கைக் கொஞ்சமாவது பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 20 தனி ஆட்களுக்குப் பதில் 10 உடன்பிறந்த இணைகளை எடுங்கள். வயது இடைவெளி 6 ஆண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், அந்த இடைவெளிக்குள் குடும்பத்தின் தொழிலோ இருப்பிடமோ மாறியிருக்கட்டும். அதே பெற்றோர், வேறு பின்னணி. மூத்தவருக்கும் இளையவருக்கும் எது ஒன்றுபோல் இருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று ஒப்பிடலாம். இருவரையும் தனித்தனியாக, முடிந்தால் ஒரே நாளில் சந்தியுங்கள். நாள் தள்ளிப்போனால் ஒருவர் மற்றவருக்கு வினாக்களைச் சொல்லிவிடுவார். பிறப்பு வரிசையும் வயதும் இதில் கலந்துதான் வரும், அதை மறைக்காமல் எழுதுங்கள்.

மேடைப் பேச்சு வருகிறது என்றீர்கள். வினா ஒரு காரணம், நீங்கள் உட்காரும் விதம் இன்னொரு காரணம். பிரிட்டிஷ் சமூகவியலாளர் பெஸில் பெர்ன்ஸ்டைன் உழைக்கும் வர்க்கக் குழந்தைகளின் பேச்சைக் குறுகிய குறிமுறை, அதாவது சூழல் தெரிந்தவருக்கே முழுதாகப் புரியும் சுருக்கமான பேச்சு, என்று வகைப்படுத்தினார். பின்னர் பலர் அதை அந்தக் குழந்தைகளின் குறைபாடாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குறைபாட்டு வாதத்தை 1969இல் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் மறுத்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் நேர்காணலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். அடுத்த முறை அதே நேர்காணலர் தின்பண்டம் கொண்டுபோனார், சிறுவனின் நண்பனையும் அழைத்தார், தரையில் உட்கார்ந்தார், வழக்கமாகச் சொல்லத் தயங்கும் பேச்சையும் அனுமதித்தார். சிறுவன் மடைதிறந்ததுபோலப் பேசினான். ஆகவே அச்சிட்ட வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துத் தமிழில் படிக்காதீர்கள். வினாக்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு, அவர் பேசும் தமிழிலேயே கேளுங்கள்.

---

அளவைமேசை எழுதியது:

அளவுகோல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதிகம் பயன்படுவது உளவியலாளர் ஜீன் ஃபின்னி 1992இல் உருவாக்கிய இனக்குழு அடையாள அளவுகோல். மூல வடிவில் 14 கூற்றுகள், ஒவ்வொன்றோடும் எவ்வளவு உடன்படுகிறார் என்பதற்கு மதிப்பெண். 2007இல் ஃபின்னியும் ஆந்தனி ஓங்கும் அதை 6 கூற்றுகளாகச் சுருக்கினார்கள்: மூன்று தேடலைப் பற்றியவை (தன் குழுவின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள முயன்றாரா என்பது போல), மூன்று பிணைப்பைப் பற்றியவை. 20 பேருக்கு இந்த ஆறே போதும். சராசரி, விலகல் என்று அட்டவணை போடாதீர்கள், இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அவற்றுக்குப் பொருளில்லை. யாரிடம் தேடல் கூடுதல், பிணைப்பு குறைவு என்று பார்த்து, நேர்காணலில் அவரிடம் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்யத்தான் இது உதவும்.

கவனிக்கவேண்டிய ஒன்று: இந்த அளவுகோல் ஒருவர் தன் குழுவோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்று அளக்கும். அந்த ஒட்டுதலுக்குள் என்ன இருக்கிறது என்று அளக்காது. தாய்மொழியே பேசத் தெரியாதவருக்கு அதிக மதிப்பெண் வரலாம். நாள்தோறும் அந்தப் பண்பாட்டிலேயே மூழ்கியிருப்பவருக்குக் குறைவாக வரலாம், அவருக்குத் தேடவேண்டிய தேவையே வந்ததில்லை.

மொழிபெயர்ப்பில்தான் பெரும்பாலும் சறுக்கும். ஒருவர் தமிழாக்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும், மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிடட்டும். பிறகு 4, 5 பேரிடம் கொடுத்து "இந்த வாக்கியம் என்ன கேட்கிறது?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். 'என் குழு' என்ற தொடரை ஒருவர் சாதி என்றும், இன்னொருவர் மொழி என்றும், மூன்றாமவர் மதம் என்றும் எடுத்துக்கொண்டால் மூன்று பேரும் வெவ்வேறு தேர்வு எழுதியதாகத்தான் பொருள். எந்தக் குழுவை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறார் என்பதை முதல் வரியிலேயே அவர் கையால் எழுத வையுங்கள்.

அளவுகோலுக்குப் பதிலாக எளிய ஒன்று வேண்டுமென்றால் 1954இல் சமூகவியலாளர்கள் கூனும் மெக்பார்ட்லண்டும் செய்ததைச் செய்யலாம். "நான் யார்?" என்பதற்கு 20 பதில்கள், 12 நிமிடம். வரிசை முக்கியம். முதலில் பெரும்பாலும் மகள், மாணவர் போன்ற இடங்கள் வரும். அவை தீர்ந்தபிறகுதான் குணமும் கருத்தும் வரும். மொழியும் மதமும் எத்தனையாவது வரியில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை நேர்காணலுக்கு முன்பே வாங்கிவிடவேண்டும். பிறகு வாங்கினால் நீங்கள் பேசிய தலைப்புகளே பட்டியலாகத் திரும்பி வரும்.

பின்னணிக்கு இரண்டு தரவு போதும். "உங்களுக்கு 14 வயதானபோது வீட்டில் முக்கியமாகச் சம்பாதித்தவர் என்ன வேலை செய்தார்?" என்பது ஒன்று. வயதைக் குறிப்பிடாவிட்டால் பெற்றோர் கடைசியாகப் பார்த்த வேலையைச் சொல்லிவிடுவார்கள். மற்றது, அந்த வயதில் வீட்டிலிருந்த புத்தகங்கள். பல நாட்டுப் பள்ளி மாணவரின் திறனை ஒப்பிடும் பிசா (PISA) ஆய்வில், 2018இல், இதற்கு ஆறு கட்டங்கள்: 0–10, 11–25, 26–100, 101–200, 201–500, 500க்கு மேல். பள்ளிப் பாடநூல்களைச் சேர்க்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வருமானத்தைக் கேட்காதீர்கள், குழந்தையாக இருந்தபோது அது பெரும்பாலும் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

---

வினாநிரல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. உடன்பிறந்த இணை யோசனையை நெறியாளரிடம் கொண்டுபோகிறேன். இரண்டு ஐயங்கள். நடுவயதில் இருப்பவர் பத்து வயதில் நடந்ததைச் சொல்லும்போது அதை எவ்வளவு நம்புவது? எளிய வீட்டில் பிறந்து, படித்து, வேறு உலகத்துக்குப் போனவர்களின் பதில்களை எப்படி வகைப்படுத்துவது?

---

கிளைநூலகம் எழுதியது:

நினைவுக்கு வாழ்க்கைக் கட்டம் உதவும். பெரிய தாளில் இடப்பக்கம் வயது, மேலே வீடு, பள்ளி, பேசிய மொழி, குடும்பத் தொழில், இடமாற்றம் என்று பத்திகள். முதல் 20 நிமிடம் இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். ஆண்டு தெளிவாகத் தெரிந்த நிகழ்வுகளை முதலில் போட்டால் மற்றவை அவற்றைப் பிடித்துக்கொண்டு இடத்தில் உட்காரும். "எட்டாம் வகுப்பில்தான் அது, அப்போது பழைய வீட்டில் இருந்தோம்" என்று அவரே தன்னைத் திருத்திக்கொள்வார். அப்படியும் எஞ்சும் பிழையைக் கண்டு அஞ்சவேண்டாம். நடந்தது எது என்பதோடு, இன்று அவர் அதை எப்படிச் சொல்லத் தேர்கிறார் என்பதும் உங்கள் தரவு. பகுப்பாய்வில் இரண்டையும் ஒரே நிறத்தில் குறிக்காமல் இருந்தால் போதும்.

வர்க்கம் கடந்தவர்களை 'வெற்றி' என்ற தலைப்பின்கீழ் போட்டுவிடாதீர்கள், இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பூர்தியூ பிளவுண்ட ஹாபிட்டஸ் என்று சொன்னது இவர்களுக்குத்தான் பொருந்தும். அலுவலகத்தில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு, இரண்டிலும் முழுசாக ஒட்டாத உணர்வு. இரு பண்பாட்டில் வாழ்பவர்களைப் பற்றிய உளவியலாளர் வெரோனிகா பெனெட் மார்ட்டினெஸின் ஆய்வுகளும் இங்கே உதவும். இரண்டும் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அவை ஒன்றோடொன்று பொருந்துவதாக அவர் உணர்கிறாரா, மோதுவதாக உணர்கிறாரா என்று பார்க்கிறார்கள். "இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பேசமுடிந்த நாள் உண்டா?" என்று கேட்டுப்பாருங்கள்.

இப்பகுதியில் வெட்கம் வெளியே வரும். பெற்றோரின் பேச்சையோ தொழிலையோ பள்ளியில் மறைத்ததைச் சொல்லும்போது சிலர் உடைந்துவிடுவார்கள். பதிவுக் கருவியை நிறுத்தவா என்று கேளுங்கள், அவர் சொன்னால் நிறுத்துங்கள். அந்தப் பகுதியை ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள், அந்த நேரத்து ஒப்புதல் போதாது. பெயரை மாற்றினால் மட்டும் ஆளை மறைத்ததாகாது. தொழில், ஊர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் உறவினருக்குத் தெரிந்துவிடும். இணைகளாக எடுத்தால் இன்னும் சிக்கல், அண்ணன் சொன்னதைத் தங்கை ஆய்வேட்டில் படித்துவிடுவார். அதனால் இணைகளை அடுத்தடுத்து வைத்து மேற்கோள் காட்டாதீர்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். இருவர் குறுக்கிட்டுப் பேசினால் அதற்கும் மேல். 20 நேர்காணலுக்கு ஏறக்குறைய 100 மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். எழுதும்போது பேச்சு வழக்கைச் செந்தமிழாக்காதீர்கள். அவர் எந்த இடத்தில் "நாங்க" என்றார், எந்த இடத்தில் "அவங்க" என்றார், தன் வீட்டையே எப்போது "அவங்க" என்று சொல்லத் தொடங்கினார் என்பதைத்தான் நீங்கள் பிறகு தேடப்போகிறீர்கள்.