மறு: இன்ஃப்ளுயன்ஸ்: செல்வாக்கா, தாக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் சமூக உளவியல் பாடத்தை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். மற்ற சொற்களெல்லாம் முடிந்துவிட்டன, இன்ஃப்ளுயன்ஸ் ஒன்றுதான் தமிழ்ச்சொல் இல்லாமல் நிற்கிறது.

> செல்வாக்கு இருக்க வேறு சொல் எதற்கு?

செல்லும் வாக்கு செல்வாக்கு, நல்ல வினைத்தொகை. ஆனால் அது ஒருவரிடம் இருப்பது. பாடம் பேசுவதோ மனத்துக்குள் நடப்பதை. 1951-இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். உடனிருந்தவர்கள் முன்பே பேசிவைத்தபடி தவறான விடை சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில், சோதிக்கப்பட்டவர்கள் சொன்ன விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அவர்களோடு சேர்ந்து தவறியது. அந்த அறையில் யாருக்கு என்ன செல்வாக்கு? இந்தச் சொல்லைப் போட்டால் மாணவர் பதவியையும் பணத்தையும்தான் நினைப்பார். வாக்கு வடசொல்லா தமிழா என்று நேற்று வந்த மடல்களை முழுக்கப் படித்தேன். அது தீர்ந்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

> மூலப்பொருளைப் பிடித்து 'உட்பாய்வு' எனலாம்.

மூலம் சரிதான். இலத்தீன் வேருக்கு உள்ளே பாய்தல் என்றே பொருள். விண்மீன்களிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து மனிதரின் குணத்தையும் விதியையும் மாற்றுகிறது என்று இடைக்கால ஐரோப்பியச் சோதிடர்கள் நம்பினார்கள். இத்தாலியர் அதையே நோய்க்கும் பெயராக்க, 1743-இல் ஐரோப்பாவில் பரவிய காய்ச்சலோடு இன்ஃப்ளுயன்சா ஆங்கிலத்துக்கு வந்தது. அவர்களே மறந்துவிட்ட சோதிடத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? உட்பாய்வு என்றால் நீரியல் பாடம் என்றுதான் தோன்றும்.

நீர் என்றதும் குறள் 452 நினைவுக்கு வருகிறது:

நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு
இனத்தியல்ப தாகும் அறிவு.

இங்கே திசையே வேறு. இலத்தீனில் வெளியிலிருந்து வருவது நீர். வள்ளுவரிடம் நம் அறிவுதான் நீர், அதைத் திரிப்பது இனமாகிய நிலம்; இனம் என்றால் இங்கே நாம் சேர்ந்திருக்கும் கூட்டம். ஆஷின் அறையில் நடந்தது இதுதானே! சைவ சித்தாந்தத்திலும் 'சார்ந்ததன் வண்ணமாதல்' உண்டு: உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறும். அதனால்தான் 'சார்வண்ணம்' என்று முன்மொழிந்தேன். வண்ணமும் வடசொல் என்று மறுத்தவருக்கு என்னிடம் பதில் இல்லை. மாணவருக்குப் புரியாது என்றவருக்கு உண்டு: இரண்டு வகுப்பு நடத்தினால் புரியும்.

> தாக்கம் என்று போட்டு முடியுங்கள்.

தாக்கத்தில் அடி இருக்கிறது. ஆஷின் அறையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதோடு இம்பாக்ட்டுக்கு ஏற்கெனவே தாக்கம் என்று எழுதியிருக்கிறோம், ஒரே பத்தியில் இரண்டும் வருகின்றன. அதை விளைவு என்று மாற்றினால் எஃபெக்ட் எங்கே போகும்?

சரி, பெரும்பான்மை தாக்கத்தின் பக்கம். வெள்ளிக்கிழமை அப்படியே அனுப்புகிறேன். முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் சார்வண்ணம் என்று சேர்த்துக்கொள்ளலாமா? வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.