தாங்கி வழிந்த நாள்: தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சர் செய்த அனுபவம்

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து இணுவிலில். கிணற்றடியில் மோட்டர், குளியலறைக்கு மேலே 1000 லீட்டர் கறுப்புத் தாங்கி. அம்மா மோட்டரைப் போட்டுவிட்டுக் குசினி அலுவலில் இறங்கிவிடுவா. தாங்கி வழிகிற சத்தம் கேட்டால்தான் நிற்பாட்ட ஓடி வருவா.

வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத ஊர் எங்களுடையது. மாரியில் பெய்தது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் உப்பும் அதே கணக்கில் ஏறப் பார்க்கும். கோடையில் கிணறு சவர் ஆகிப்போன வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு, தண்ணீர் சும்மா வழிவதைப் பார்க்க மனம் பதறும். அதனால்தான் இதைச் செய்யத் தொடங்கினேன்.

முதலில் வயர் முறை. ஆர்டுவினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போட் ஒன்று, சத்தம் போடும் பஸர் ஒன்று, செப்பு வயர் ஐந்து. ஒரு வயர் தாங்கியின் அடிவரை போகும், அது கிரவுண்ட், அதாவது மைனஸ் பக்கம். மற்ற நாலும் கால், அரை, முக்கால், முழுசு என்று வெவ்வேறு உயரத்தில். அந்த நாலும் ஆர்டுவினோ போட்டின் நாலு பின்களில், அதாவது வயர் செருகும் முனைகளில். ஒவ்வொரு பின்னையும், போட்டின் உள்ளேயே இருக்கும் புல்-அப் என்ற மின்தடை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் வந்து வயரைத் தொட்டதும் அந்தப் பின் கிரவுண்டோடு சேர்ந்து, வோல்ட் கீழே விழும். நிறைந்ததும் பஸர் கத்தும். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது.

ஏழாவது கிழமை பஸர் கத்தவில்லை. அம்மா அதை நம்பி இருந்துவிட்டா. அரை மணித்தியாலம் வழிந்து வளவெல்லாம் தண்ணீர்.

ஏறி மூடியைத் திறந்து வயர்களை வெளியே எடுத்தேன். கிரவுண்ட் வயரின் நுனியில் வெள்ளையாக, கல் மாதிரி ஒரு படை. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. கேத்தலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. மற்ற வயர்கள் பச்சை பிடித்து மெலிந்திருந்தன. கால் மட்டத்து வயர் விரல் பட்டதுமே முறிந்தது.

இரவு பகலாக ஒரே திசையில் மின்சாரம் போனதுதான் காரணம். பிளஸ் பக்கம் செப்பு கரைகிறது. மைனஸ் பக்கம் தண்ணீரில் காரத்தன்மை கூடி, கரைந்திருந்த சுண்ணாம்பு வயரிலேயே படிகிறது. படை மூடிய வயருக்குத் தண்ணீர் தெரியாது. தாங்கி நிரம்பி வழியும்போதே போட் அதை வெறுந்தாங்கி என்று எடுத்துக்கொள்கிறது.

அப்புறம் தண்ணீரைத் தொடாத முறைக்கு மாறினேன். மேலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுத்த மைக்ரோ செக்கனை 58ஆல் பிரித்தால் சென்டிமீட்டரில் தூரம் வரும். இரண்டு கண் உள்ள எச்.சி.எஸ்.ஆர். 04 என்ற ஒலிச் சென்சர் மூடியின் அடியில் வியர்த்து மூன்று கிழமையில் பழுதானது. ஈரம் தாங்குகிற ஜே.எஸ்.என். எஸ்.ஆர். 04 டி இன்றுவரை நிற்கிறது. ஆனால் 20, 25 சென்டிமீட்டருக்குக் கிட்ட இருப்பதை அதனால் அளக்க முடியாது. பஸர் கத்தும் மட்டத்தைச் சென்சரிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே வைத்தேன்.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். தாங்கி அடிமட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாள், நடுப்பகலில், மோட்டர் போடாமலே தண்ணீர் மூன்று சென்டிமீட்டர் ஏறியதாகக் காட்டியது! வெயிலில் உள்ளே காற்று சூடேறினால் ஒலி வேகமாகப் போகிறது. பாகை ஒன்றுக்கு செக்கனுக்கு 0.6 மீட்டர் கூடும். டி.எஸ். 18 பி 20 வெப்பமானி ஒன்றைச் சேர்த்து அதையும் கணக்கில் எடுத்தபிறகு சரி வந்தது.

இதை வாசித்தவர்கள் எழுதியதும் என் பதிலும்:

கோப்பாயிலிருந்து:
தம்பி, வயர் முறையை முழுசாகக் கைவிட வேண்டாம். நான் துருப்பிடிக்காத சைக்கிள் கம்பிகளைத்தான் போட்டிருக்கிறேன். அடிவரை போகும் பொதுக் கம்பியைக் கிரவுண்டில் கட்டாமல் அதையும் ஒரு பின்னில் போட்டேன். பத்து செக்கனுக்கு ஒருமுறை சில மில்லி செக்கன் மட்டும் மின்சாரம், அடுத்தமுறை திசை மாற்றி. மற்ற நேரம் எல்லாப் பின்னும் பூச்சியம். எட்டு மாதமாக ஓடுகிறது. மெல்லிய வெள்ளை வரும். தேசிக்காயை வெட்டி உரஞ்சினால் கரைந்துவிடும்.

நல்லூரிலிருந்து:
ரிலே, அதாவது போட் சொன்னபடி போட்டு நிற்பாட்டும் சுவிட்ச், வைத்து மோட்டரையே நிற்பாட்ட நினைப்பவர்கள் கவனம். எங்கள் மோட்டர் ஒரு குதிரைவலு. தொடங்கும்போது வழமையை விடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். நான் வைத்த சின்ன நீல ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிவிட்டன. நிற்பாட்டச் சொல்லியும் மோட்டர் நிற்கவில்லை. இப்போது ரிலே கொன்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இயக்குகிறது, கொன்டாக்டர் மோட்டரை இயக்குகிறது. 230 வோல்ட் பக்கத்தை மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வித்தேன். இன்னொன்று: மோட்டர் போட்டு ஐந்து நிமிடத்தில் மட்டம் ஏறாவிட்டால் தானாக நிற்கும்படி எழுதியிருக்கிறேன். குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வ் பிடிக்காமல், மோட்டர் தண்ணீரில்லாமல் வெறுமனே ஓடி ஒருமுறை சீல் எரிந்த வீடு இது.

இணுவிலிலிருந்து:
அண்ணை, ஐந்து நிமிட யோசனையை இன்றைக்கே சேர்க்கிறேன். சைக்கிள் கம்பி இரண்டை முழு மட்டத்தில் மட்டும் போட்டு, ஒலிச் சென்சருக்குத் துணையாக வைக்கப் போகிறேன். எது முதலில் நிறைந்தது என்று சொன்னாலும் பஸர் கத்தும். அம்மாவிடம் சொன்னேன். பின்வளவுத் தேசி மரத்தில் காய் இருக்கிறதாம், கிழமைக்கு ஒன்று எடுத்து வைக்கிறேன் என்றா.